கந்தலுக்கும் கிட் விக்கறாங்க சாமியோவ்!

ரெண்டு வாரமா கம்பெனியில ஆணி ஜாஸ்தி. இந்தப் பக்கம் எட்டிக்கூடப் பார்க்க முடியல. இன்னிக்கு ராத்திரி பதினோரு மணிக்குத் தூக்கத்தை விட்டுட்டு தட்டிட்டு இருக்கேன்னா அதுக்கு ஒரே காரணம் வயித்தெரிச்சல். கலப்படமே இல்லாத நூத்துக்கு நூறு காட்டன் வயித்தெரிச்சல்.

போன மாசம் ஒரு ஞாயித்துக்கிழமை. கோயமுத்தூர்ல ஒரு ஒர்க்‌ஷாப்புன்னு விளம்பரம் கண்ணுல பட்டுச்சு. பழைய துணியில குவில்ட் தைக்கக் கத்துக்கலாம், உங்களுக்குள்ள தூங்கிட்டு இருக்கற கலைஞனைத் தட்டி எழுப்பலாம், இன்னபிற. நான் அஞ்சாறு வருஷமா ஒட்டுத்துணி போர்வை தைக்கறவன்னு உங்கள்ல பாதிப் பேருக்குத் தெரியும். தெரியாதவங்க இப்பவே சிரிச்சு முடிச்சுக்குங்க, நான் வெயிட் பண்றேன். தங்கமணிதான் ஏத்தி விட்டாங்க. "ஏனுங்க, வீட்டுக்குள்ளயே உக்காந்து ஊசி கோத்துட்டு இருக்கறதுக்கு ஒருக்கா போய்ட்டுத்தான் வாங்களேன். நாலு மனுசங்களைப் பார்த்த மாதிரியும் இருக்கும்." 2,800 ரூபாய் கட்டிட்டுப் போனேன். சொந்த செலவில் சூனியம்னு நம்ம ஆளுங்க சும்மாவா சொன்னாங்க.

போனா, ஆளுக்கு ஒரு பெட்டி. ரிப்பன் கட்டி, ஸ்டிக்கர் ஒட்டி. உள்ள அஞ்சு இஞ்ச் சதுரத்துல 40 துண்டு புத்தம்புது துணி. பழைய துணி எங்கங்கன்னு கேட்டேன். "இதுதான் சார், விண்டேஜ் லுக்" அப்படின்னாங்க பயிற்சி குடுக்கற அம்மணி. உத்துப் பார்த்தா... அந்தப் புதுத்துணி மேல ஒட்டுப்போட்ட மாதிரி பிரிண்ட் அடிச்சிருக்கு! தையல் கோடு உட்பட. வெளுத்த மாதிரி, நஞ்ச மாதிரி, அங்கங்க நூல் பிரிஞ்ச மாதிரி. அதாவது கந்தலோட போட்டோவை புதுத்துணியில அச்சடிச்சு, அதைச் சதுரமா வெட்டி, திரும்ப ஒட்டி, கந்தல் மாதிரி ஒண்ணு தைக்கப் போறோம். அதுக்கு கிட் விலை தனியா 3,500. அடப்பாவிகளா!

நான் கையோட கொண்டு போயிருந்த மஞ்சப்பையைத் திறந்து காமிச்சேன். எங்க கட்டிங் செக்‌ஷன்ல அள்ளுன பனியன் துணித் துண்டுங்க. அம்மணி ரெண்டு விரல்ல ஒண்ணை எடுத்து இழுத்துப் பார்த்தாங்க. "ஓ, ஹோசியரியா? இதுல குவில்ட் வராது சார். இழுத்துக்கும், சுருண்டுக்கும். நீங்க கிட்லயே பண்ணிடுங்க." அதுக்கப்புறம் ஒரு மணி நேரம் லெக்சர். இந்தக் கலை நம்ம ஊர்ல கிடையாது, அமெரிக்காவுல இருந்து வந்தது, அதனால இன்ஸ்பிரேஷனுக்கு எல்லாரும் போன்ல பின்ட்ரஸ்ட்டைத் திறந்து ஒரு மூட் போர்டு தயார் பண்ணுங்க...

நான் திருமுருகன்பூண்டிக்காரன் சாமி. என்கிட்டயா?

இதுல ஒவ்வொண்ணுக்கும் பதில் சொல்லாம எனக்குத் தூக்கம் வராது. அங்கயே ஏன் சொல்லலைன்னு கேக்காதீங்க, மத்தியானம் சாப்பாடு நல்லா இருந்துச்சு, வாயடைச்சுப் போச்சு :-)

மொதல்ல "நம்ம ஊர்ல கிடையாது". கந்தைன்னு நாம சொல்ற வார்த்தையும், வங்காளத்துல பழைய சேலையை அடுக்கித் தைக்கற காந்தாவும் ஒரே வேர். வடமொழியில கந்தான்னாலே ஒட்டுத்துணிதான். பீகார்ல சுஜனி, மராட்டியத்துல கோதடி, கர்நாடகத்துல கவுதி, சிந்துப் பக்கம் ரல்லி. இத்தனையும் இந்தத் துணைக்கண்டத்துக்குள்ளதான் இருக்கு. தமிழ்ல? பொருநராற்றுப்படையை எடுத்துப் பாருங்க. பொருநன் கரிகாலன் முன்னாடி போய் நிக்கறப்போ அவன் இடுப்புல இருந்த துணி என்ன லட்சணத்துல இருந்துச்சுன்னு ஒளிவுமறைவில்லாம சொல்லியிருக்கு. பேன், ஈர், வேர்வையில நனைஞ்ச நாத்தம், எல்லாம். எனக்கு ஆச்சரியம் அது இல்ல. அந்தத் துணியோட சொந்த இழை எது, பொறவு ஒட்டுப்போட உள்ள நுழைச்ச இழை எதுன்னு கவனிச்சிருக்காரு பாருங்க, அந்தப் புலவரு கண்டிப்பா ஒரு நாளாவது ஊசி பிடிச்சிருக்கணும். அப்புறம் கரிகாலன் அந்தக் கந்தலைக் களைய வெச்சு பாம்புச் சட்டை மாதிரி மெல்லிசா ஒரு துணி குடுக்கறான். எக்ஸ்போர்ட் குவாலிட்டி.

எங்க வீட்டுக் கதைக்கு வரேன். கொசுவத்தி சுத்தறேன், பொறுத்துக்குங்க.

எங்க அம்மாயி வருஷத்துக்கு ஒரு போர்வை தைப்பாங்க. பழைய நூல் சீலை நாலஞ்சு, ஒண்ணு மேல ஒண்ணு விரிச்சு, ஓரத்துல இருந்து ஓடு தையல் போட்டுட்டே நடுவுக்கு வருவாங்க. கிழிஞ்ச எடத்துல எது கிடைக்குதோ அது. தாத்தாவோட வேட்டிக்கரை, மாமாவோட லுங்கி, என்னோட காக்கி டவுசர். மார்கழிக் குளிர்ல அதுக்குள்ள பூந்தா காலைல எந்திரிக்க மனசு வராது. இதுக்குப் பேரு குவில்ட்டுன்னு அவங்களுக்குத் தெரியாது. கலைன்னும் தெரியாது. போர்வை, அவ்ளோதான்.

எங்கக்கா கல்யாணத்துக்கு வீட்டுக்கு வெள்ளையடிச்சப்போ, மாப்பிள்ளை வீட்டுக்காரங்க வர்றாங்க, இந்தக் கந்தலெல்லாம் கண்ணுல பட்டா மானம் போயிரும்னு முடிவாச்சு. ஏழோ எட்டோ போர்வை. வெந்நி அடுப்புல வெச்சு எரிச்சோம். எடுத்துக் குடுத்தது நாந்தான், பன்னெண்டு வயசு. ஒருத்தரும் வாயைத் திறக்கல, அம்மாயியும் திறக்கல. அதுக்கப்புறம் அவங்க ஊசியைத் தொடவும் இல்ல. கடையில வாங்குன சோலாப்பூர் போர்வை ரெண்டு வந்துச்சு.

அதனால, "நம்ம ஊர்ல கிடையாது"ன்னு யாராவது மைக் பிடிச்சுச் சொன்னா எனக்குச் சுர்ருனு ஏறுது. இல்லாம இல்லைங்க. எரிச்சுட்டோம். ரெண்டுக்கும் வித்தியாசம் இருக்கு. இன்னும் நம்ம சனங்க கிழிஞ்ச துணி வீட்டுல இருந்தா தரித்திரம்னு சொல்லிட்டுத்தான் இருக்காங்க. அதே வீட்டுப் பையன் முட்டியில கிழிச்சு விட்ட ஜீன்ஸை முழு விலைக்கு வாங்கிட்டு வர்றான். அதுக்கு மட்டும் தரித்திரம் ஒட்டாது போல.

சரி, மேட்டரோட முக்கியமான எடத்துக்கு வருவோம். ஹோசியரி.

எங்க ஊர் பொழப்பே அதுதான். திருப்பூர்ல இருந்து வருஷத்துக்கு 40,000 கோடி ரூபாய் பக்கம் பின்னலாடை ஏற்றுமதி ஆகுது. துணியை வெட்டும்போது நூறு கிலோவுக்கு பத்துல இருந்து பதினஞ்சு கிலோ கட்டிங் வேஸ்ட்டா விழும். ஸ்டைலைப் பொறுத்து கூடும் குறையும். கணக்கு நீங்களே போட்டுக்குங்க, எனக்குத் தலை சுத்துது.

வேஸ்ட்டுன்னா கண்டபடி கிழிஞ்ச துணின்னு நினைச்சுடாதீங்க. கட்டிங் டேபிள்ல துணியை மடி மடியா விரிச்சு லே போடுவோம். 60 மடி, 80 மடி, சில ஆர்டருக்கு 100. மேல மார்க்கர் பேப்பர். மாஸ்டர் மெஷினை ஓட்டினார்னா அத்தனை மடிக்கும் ஒரே வெட்டு. முன்பக்கம், பின்பக்கம், கை எல்லாத்தையும் கட்டுக் கட்டி எடுத்து வெச்சப்புறம் டேபிள்ல மிச்சம் இருக்கறது என்ன? கழுத்துல எடுத்த அரைநிலா. அக்குள்ல எடுத்த பிறை. ரெண்டு கைக்கு நடுவுல சிக்கின, மூக்கு நீண்ட முக்கோணம். பாடிக்கும் ஓரத்துக்கும் நடுவுல ஓடற நீளப் பட்டை. ஒவ்வொண்ணும் ஒண்ணு ரெண்டு இல்ல. எண்பது, நூறு. அச்சு மாறாம, ஒரே அளவு, ஒரே வளைவு.

குவில்ட் தைக்கற யாரை வேணாலும் கேளுங்க. இதுல பாதி வேலை வெட்டறதுதான். துண்டு ஒரு நூல் அளவு பிசகுனாலும் நாப்பதாவது துண்டுல போர்வை கோணிக்கும். அதனாலதான் வெளிநாட்டுல ரெடியா வெட்டுன துண்டுகளை அத்தனை விலைக்கு விக்கறாங்க, அந்த கிட் சமாச்சாரமே அதான். எங்க டேபிளுக்கு அடியில அதே சங்கதி சாக்கு சாக்கா கிடக்கு. அனுபவமுள்ள கட்டிங் மாஸ்டர் கையால வெட்டுனது. கலர் கட்டிங் ஒரு கிலோ, ஒரு செட் புரோட்டா விலைக்குள்ள முடிஞ்சுரும். (வெள்ளைன்னா விலை ஜாஸ்தி, அதைத் திரும்ப நூலாக்கி எந்தக் கலர்லயும் சாயம் ஏத்தலாமே.) ஒரு சிங்கிள் கட்டில் போர்வைக்கு ரெண்டு கிலோ தாராளம்.

இதை விட்டுட்டு பின்ட்ரஸ்ட்ல இன்ஸ்பிரேஷன் தேடச் சொல்றாங்க!

இழுத்துக்கும்ங்கறது உண்மைதான். நான் மறுக்கல. மொதல் போர்வை நான் தைச்சப்போ அது செவ்வகமா ஆரம்பிச்சு இலங்கை மேப் மாதிரி முடிஞ்சுது. ஆனா இழுக்கறது துணியோட கொணம், குத்தம் இல்ல. சிங்கிள் ஜெர்சி அகலவாக்குல அதிகமா இழுக்கும், நீளவாக்குல கம்மி. வெட்டுன ஓரம் சுருளும். இன்டர்லாக் சுருளாது, ரிப்பும் சுருளாது, ஆனா ரிப் ரப்பர் மாதிரி நீளும். இதைத் தெரிஞ்சுட்டா முடிஞ்சுது. பழைய பருத்தி லுங்கியோ சீலையோ இழுக்காத துணி ஒண்ணை அடியில விரிச்சு, துண்டுகளை அது மேல வெச்சே தைக்கணும். துண்டையும் துண்டையும் சும்மா ஒண்ணோட ஒண்ணு இணைக்கக் கூடாது. எல்லாத் துண்டுக்கும் நீளவாக்கு ஒரே பக்கம் பார்க்கணும், இல்லேன்னா தொவைச்சப்புறம் ஒண்ணு தெக்க இழுக்கும் ஒண்ணு வடக்க இழுக்கும். ஊசி பால் பாயின்ட் ஊசியா இருக்கணும். சாதா ஊசி போட்டா பின்னல் கண்ணி அறுந்து, மூணு தொவைப்புல வரிசையா ஓட்டை விழும். 160 ஜிஎஸ்எம் துணியோட 240 ஜிஎஸ்எம் ஃபிலீஸை மேல்பக்கம் கலக்காதீங்க. ஃபிலீஸை நடுவுல வைங்க, பஞ்சுச் செலவு மிச்சம். ரொம்ப அடம் பிடிக்கற துண்டுக்குப் பின்னாடி, காலர் டீசர்ட்டு பட்டிக்கு ஒட்டற கேன்வாஸை அயர்ன் பண்ணி ஒட்டிட்டா பொட்டிப்பாம்பு. மூணையும் சேர்த்துப் போடற தையல் மட்டும் கையால, கொஞ்சம் லூசா போடணும். மெஷின்ல இறுக்கிப் போட்டா, தூக்கத்துல காலை நீட்டுனதும் பட்டு பட்டுன்னு நூல் தெறிக்கும்.

இவ்ளோதான் வித்தை. எல்லாம் ஓவர்லாக், பேட்லாக் ஓட்டற எந்தத் திருப்பூர் பொண்ணுக்கும் கைவந்த சங்கதி. "வராது"ன்னு சொன்னவங்களுக்கு எது வராது? அவங்க விக்கற பெட்டி காலியாகி வராது!

இப்படி ஒரு பேக்டரி மிச்சத்துல இருந்து பெரிய கலை பொறந்த கதை நிஜமாவே இருக்கு. அமெரிக்காவுல அலபாமா மாநிலத்துல கீஸ் பெண்ட்னு ஒரு ஊர். மூணு பக்கம் ஆறு, ஒரே ஒரு ரோடு. ஒரு காலத்துல அடிமைகளா இருந்த கறுப்பின மக்களோட வாரிசுங்க. தோட்டத்துல உழைச்சு நஞ்சு போன டவுசர், சட்டை, மாவு மூட்டைத் துணி, இதுலதான் பொம்பளைங்க போர்வை தைச்சாங்க. 1966ல அந்தச் சுத்துவட்டாரத்துல ஃப்ரீடம் குவில்ட்டிங் பீன்னு ஒரு கூட்டுறவு ஆரம்பிச்சாங்க, குடியுரிமைப் போராட்டம் நடந்துட்டு இருந்த சமயம். 1972ல சியர்ஸ் கம்பெனிக்காரங்க அவங்களுக்கு கார்டுராய் தலகாணி உறை தைக்க ஆர்டர் குடுத்தாங்க. ஆர்டர் உறையெல்லாம் ஒரே மாதிரி, ஒரு சுவாரசியமும் கிடையாது. ஆனா வெட்டுன மிச்சம் வீட்டுக்குப் போச்சு. பாசிப்பச்சை, தங்கமஞ்சள், காஞ்ச செங்கல் கலர்னு அந்த கார்டுராய் துண்டுகள்ல அவங்க தைச்ச போர்வைங்கதான் பின்னாடி உலகமே வாயைப் பொளந்து பார்த்தது. 2002ல ஹூஸ்டன்ல ஆரம்பிச்சு நியூயார்க் விட்னி மியூசியம் வரைக்கும் கண்காட்சி. 2006ல அமெரிக்க தபால் துறை பத்து ஸ்டாம்பு வெளியிட்டுச்சு.

ஆர்டர் ஒரு பக்கம், மிச்சம் இன்னொரு பக்கம். எங்க ஊருக்கும் அந்த ஊருக்கும் வித்தியாசம் மிச்சத்தை வீட்டுக்கு எடுத்துட்டுப் போனாங்களா இல்லையாங்கறதுதான்.

அவ்ளோ தூரம் எதுக்கு? நம்ம பக்கத்து ஸ்டேட்டு உத்தர கன்னட மாவட்டம், எல்லாப்பூர், ஹலியால் பக்கத்துல சித்தி இன மக்கள் இருக்காங்க. பல நூறு வருஷத்துக்கு முன்னாடி ஆப்பிரிக்காவுல இருந்து கொண்டு வரப்பட்டவங்களோட வழித்தோன்றல்கள். அந்தப் பொம்பளைங்க தைக்கற கவந்தியில மொதல் தையல் மூலையில. சுத்திச் சுத்தி ஓரத்துல இருந்து நடுவுக்கு வருவாங்க, எங்க அம்மாயி மாதிரியே. முடிக்கும்போது நாலு மூலையிலயும் துணியை மடிச்சு முக்கோணமா ஒரு பூ வெச்சுத் தைப்பாங்க. அது இல்லாத போர்வை அம்மணமா இருக்கற மாதிரின்னு சொல்வாங்களாம். மூட் போர்டு கேட்டா அவங்க சிரிப்பாங்க.

இன்ஸ்பிரேஷன்னு சொன்னதும் ஒரு விசயம் ஞாபகம் வருது. புத்த பிக்குகளோட காவித்துணி முழுத்துணி கிடையாது, வெட்டி ஒட்டித் தைச்சது. விநய பிடகத்துல அதுக்கு ஒரு கதை இருக்கு. புத்தர் மகத நாட்டுல நடந்து போறப்போ வயலைப் பார்க்கறார். நீள வரப்பு, குறுக்கு வரப்பு, கட்டம் கட்டமா பாத்தி. பக்கத்துல வந்த ஆனந்தர்கிட்ட, இதே மாதிரி ஒரு துணி தைக்க முடியுமான்னு கேக்கறார். ஆனந்தர் தைச்சுடறார். இன்னிக்கும் பிக்குகள் போர்த்தற துணி அந்த வயல்தான். அங்கயே இன்னொரு காரணமும் சொல்லியிருக்கு. வெட்டித் தைச்ச துணிமேல எதிரிங்க ஆசைப்பட மாட்டாங்க.

இதைப் படிச்சப்போ எங்கூரை நினைச்சுச் சிரிச்சுட்டேன். திருமுருகன்பூண்டின்னா வெளியூர்க்காரங்களுக்கு உளி சத்தமும் சாமி சிலையும்தான் தெரியும். தேவாரம் படிச்சவங்களுக்கு வேற ஒண்ணு தெரியும். சேரமான் பெருமாள் குடுத்த பொன்னும் பொருளுமா சுந்தரர் இந்த வழியா வர்றாரு. வேடர்கள் மறிச்சு மொத்தத்தையும் பறிச்சுக்கறாங்க. சுந்தரர் நேரா கோயிலுக்குப் போய், குத்தி மிரட்டி கட்டுன துணியைக்கூட உருவிட்டுப் போற இந்த ஊர்ல நீ எதுக்குய்யா குடியிருக்கேன்னு சாமியையே ஏக வசனத்துல கேக்கறாரு. அவர் போட்டிருக்கற வார்த்தையே கூறை, அதாவது துணி. ஆக எங்க ஊர் பாட்டுல ஏறினதே துணியில கைவெச்ச புகழோட. வந்த வேடர்கள் சிவனோட பூத கணங்கள்தான், பொருள் திரும்பிக் கிடைச்சுது, அது வேற விசயம். ஆனந்தர் தைச்ச துணியைப் போட்டுட்டு வந்திருந்தா பிரச்சினையே வந்திருக்காது ;-)

நிற்க. இவ்ளோ நேரம் எதிராளியைத் தாளிச்சாச்சு. இப்ப நம்ம பக்கத்து ஆளுங்களையும் கொஞ்சம் தாளிக்கணும், இல்லேன்னா நியாயமா இருக்காது.

கட்டிங் வேஸ்ட்டுல நாலு பை தைச்சுட்டு "பூமியைக் காப்பாத்தறோம்"னு பேனர் கட்டறாங்க பாருங்க. சாமிகளா, திருப்பூர்ல கட்டிங் வேஸ்ட்டை யாரும் குப்பையில கொட்டறதில்ல. கிலோ கணக்குல வியாபாரி எடுத்துட்டுப் போறான். குடோன்ல பொம்பளைங்க தரையில உக்காந்து கலர் வாரியா, துணி வாரியா பிரிக்கறாங்க. நல்லது மில்லுக்குப் போய் பிரிச்சு திரும்ப நூலாகுது, மிச்சம் மெக்கானிக் கை துடைக்க, தலகாணிக்குள்ள அடைக்க, மிதியடி பின்ன. நான் வருஷத்துக்கு ஆறு போர்வை தைக்கறதால நொய்யல்ல ஒரு சொட்டுத் தண்ணியும் தெளியப் போறதில்ல. 2011 ஜனவரியில ஹைகோர்ட்டு சாயப்பட்டறைகளை மூடச் சொன்ன பொறவுதான் அந்த விசயத்துல கொஞ்சமாவது அசைவு வந்துச்சு. போர்வை தைச்சு வரல. அதனால பூமியை விட்டுருங்க, பாவம்.

இதுக்கும் மேல ஒரு அழுகிய விசயம் இருக்கு. கூலி.

எங்க தெருவுல ஒரு அக்கா, செக்கிங் வேலைக்குப் போயிட்டு இருந்தவங்க, முட்டி வலியில நின்னுட்டாங்க. என் போர்வையைப் பார்த்துட்டு அவங்களும் தைக்க ஆரம்பிச்சு, என்னை விட பிரமாதமா தைக்கறாங்க. பழைய போலீஸ் காக்கியையும் பனியன் ரோஸையும் பக்கத்துல பக்கத்துல வெப்பாங்க, எனக்கு அந்த தைரியம் ஜென்மத்துக்கும் வராது. அவங்ககிட்ட ஒரு பொட்டிக்கு சரக்கு வாங்கறவங்க வந்தாங்க. "ஒரு பீஸ் என்ன ரேட்டு?" அக்கா யோசிச்சு 1,200 சொன்னாங்க. அந்தப் போர்வைக்கு அவங்களுக்கு இருபது நாளு ஆச்சு, தினம் மூணு மணி நேரம். அறுபது மணி நேரம். மணிக்கு இருபது ரூபாய். வந்தவங்க என்ன சொன்னாங்க தெரியுமா? "துணி வேஸ்ட்டுதானேக்கா, 600க்குப் பண்ணிக் குடுங்க."

துணி வேஸ்ட்டு. கையுமா வேஸ்ட்டு? கண்ணுமா வேஸ்ட்டு?

அதே மாதிரி ஒண்ணு கடையில என்ன விலைக்குத் தொங்குதுன்னு நான் பார்த்துட்டு வந்தேன். 6,500. கூடவே ஒரு அட்டை, "கிராமத்துப் பெண்ணின் கைகளில் மலர்ந்தது"ன்னு. பெண்ணோட பேர் இல்ல.

கீஸ் பெண்ட்லயும் இதே சண்டை வந்துச்சு. மியூசியம், புத்தகம், அந்த டிசைனைப் போட்டு வித்த கம்பளம், படுக்கைவிரிப்புன்னு எங்கெங்கயோ காசு போச்சு. எங்களுக்கு நியாயமான பங்கு வரலைன்னு தைச்சவங்கள்ல சிலர் 2007ல கோர்ட்டுக்குப் போனாங்க. 2008ல சமரசமாச்சு. யார் பக்கம் நியாயம்னு இங்க உக்காந்துட்டு நான் தீர்ப்பு சொல்ல முடியாது. ஆனா கேள்வி கேட்டாங்க பாருங்க, அது முக்கியம். எங்க அக்கா கேக்கல. "600க்கு முடியாதுங்க"ன்னு மட்டும் சொல்லிட்டு போர்வையை மடிச்சு உள்ள வெச்சுட்டாங்க. அது இப்ப அவங்க பேத்தி கட்டில்ல கிடக்கு.

துணியையும் மனுசங்களையும் ஒரே தராசுல வெச்சு மதிக்கறவங்களும் இருக்காங்க, இல்லாம இல்ல. டெல்லியில 1999ல அன்ஷு குப்தா ஆரம்பிச்ச கூஞ்ச் அமைப்பு ஊரெல்லாம் பழந்துணி சேர்த்து, கிராமத்துல குளம் வெட்டவோ ரோடு போடவோ மக்களே சேர்ந்து செஞ்ச வேலைக்குச் சன்மானமா துணி குடுத்தாங்க. பிச்சையா இல்ல. கட்டவே முடியாதுன்னு ஒதுங்கற துணி சுஜனியாகுது. 2015ல அவருக்கு மகசேசே விருது கிடைச்சுது.

அதனால என் சண்டை யாரோடன்னு தெளிவா சொல்லிடறேன், இல்லேன்னா நாளைக்கு உள்குத்து, நுண்ணரசியல்னு கிளம்பிருவீங்க. புதுத்துணி வாங்கி குவில்ட் தைக்கறவங்க மேல எனக்குக் கோவம் இல்ல, அவங்க காசு, அவங்க ஆசை. கத்துக் குடுத்துக் காசு வாங்கறதும் தப்பில்ல, கட்டிங் மாஸ்டர்கிட்ட தொழில் கத்துக்கறப்போ நாங்க வாங்குன திட்டுக்கு காசே குடுத்திருக்கலாம். புதுத்துணியில கந்தலை அச்சடிச்சு அதைப் பழந்துணிக் கலைன்னு விக்காதீங்க. எங்க துணியில வராதுன்னு சொல்லாதீங்க. தைச்ச பொம்பளை பேரை அட்டையில போடுங்க, பேருக்குக் கீழ அவங்களுக்குக் குடுத்த கூலியையும் போடுங்க. போட முடியுமா? முடியாதுல்ல?

ஒர்க்‌ஷாப் கடைசியில எல்லாரும் தைச்சதைச் சுவத்துல மாட்டி போட்டோ எடுத்தாங்க. இருபத்திரண்டு பேரு, இருபத்திரண்டும் ஒரே மாதிரி. ஒரே கிட் ஆச்சே. எங்க கம்பெனி லைன்ல இந்த அளவுக்கு ஷேட் மாறாம ஒத்து வந்தா க்யூசி ஆனந்தக் கண்ணீர் விடுவார். கிட்டத்தட்ட முழு நாளும் நடந்த அந்தப் பயிற்சிக்கு உற்பத்தின்னு பேரு வெச்சிருக்கலாம்.

போன வாரம் எங்க டேபிள்ல கிறிஸ்துமஸ் ஆர்டர் கட்டிங். ரத்தச் சிவப்பு, அதுல கழுத்து அரைநிலா ஒரு நானூறு கிடைச்சுது. மேனேஜர்கிட்ட கேட்டு, எடை போட்டு, காசு கட்டி பில்லோடதான் எடுத்துட்டு வந்தேன், சந்தேகப்படாதீங்க. ரெண்டு அரைநிலாவை முதுகோட முதுகு வெச்சா ஒரு மாதிரி, வாயோட வாய் வெச்சா வேற மாதிரி. நாலைச் சேர்த்தா பூ. தங்கமணி பார்த்துட்டு தர்பூசணின்னாங்க. ஹூம். இப்ப அடியில எது விரிக்கறதுன்னுதான் யோசனை. அம்மாவோட பழைய சுங்குடிச் சீலை ஒண்ணு பீரோ அடியில இருக்கு, கேட்டேன். "இன்னும் ரெண்டு வருஷம் கட்டலாம்டா அதை"ன்னுட்டாங்க. காத்திருக்கேன்.

அந்த 3,500 ரூபாய் கிட் என்னாச்சுன்னு கேப்பீங்க. துணியை மேல்வீட்டுக் குட்டிப்பொண்ணு பொம்மைக்குப் பாவாடை தைக்க வாங்கிட்டுப் போயிருச்சு. பெட்டியில ஊசி, நூல்கண்டு, கத்திரி எல்லாம் போட்டு வெச்சிருக்கேன். பெட்டி நல்ல பெட்டிங்க, அதைக் குறை சொல்லக் கூடாது.